குறிப்பு ஓரிடம், வரி ஓரிடம்: கூட்டு வாசிப்புக் கருவிகளில் வரும் கோளாறுகளும் தீர்வுகளும்

இணையத்தில் உள்ள ஒரு கட்டுரையையோ பழம்பாடலையோ பலர் சேர்ந்து படித்து, வரிக்குப் பக்கத்திலேயே குறிப்பு எழுதி, அங்கேயே வாதிடுவதற்கான கருவியை உருவாக்குகிறவர்களுக்கும் பராமரிக்கிறவர்களுக்கும் இது உதவும். நான் பார்த்துக்கொள்ளும் கருவியைத் திருவல்லிக்கேணியில் ஒரு வாசகர் வட்டமும் தரமணிப் பக்கம் ஒரு கல்லூரி வகுப்பும் பயன்படுத்துகின்றன. அவர்கள் சொல்லும் புகார்களை ஏறக்குறைய அவர்கள் வார்த்தையிலேயே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுக்கு வந்த புகார் எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. குறிப்பு காணவில்லையா, இடம் மாறி நிற்கிறதா, அல்லது சரியான இடத்தில் இருந்தும் யாரும் பேசவில்லையா? மூன்றையும் மக்கள் ‘வேலை செய்யவில்லை’ என்றுதான் சொல்வார்கள். திரைப்பிடிப்பு ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு நிரலைத் திறப்பது நல்லது.

“நேற்று எழுதிய குறிப்பு இன்று வேறு வரியில் நிற்கிறது”

தரவுத்தளத்தில் அந்தக் குறிப்பு எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘1204ஆம் எழுத்திலிருந்து 1230 வரை’ என்று எண்கள் மட்டும் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. பக்கத்தின் தலைப்பகுதியில் ஒரு விளம்பரமோ, ‘திருத்தப்பட்டது’ என்ற ஒரு வரியோ சேர்ந்தால் போதும், கீழே உள்ள அத்தனை குறிப்புகளும் இடம்பெயரும். ‘மூன்றாம் பிரிவில் ஐந்தாம் பத்தி’ என்று பக்கத்தின் கட்டமைப்பை வைத்துச் சேமித்தாலும் இதே கதிதான். தளத்தின் வடிவமைப்பை மாற்றும் நாளில் அது மொத்தமாக உடையும்.

இடத்தைச் சொற்களால் பிடிக்க வேண்டும். வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 பிப்ரவரியில் பரிந்துரையாக வெளியிட்ட வலைக்குறிப்புத் தரவு மாதிரி இதற்கு ஒரு வழி தருகிறது: தேர்ந்தெடுத்த சொற்கள், அவற்றுக்கு முன்னால் உள்ள சில எழுத்துகள், பின்னால் உள்ள சில எழுத்துகள் ஆகிய மூன்றையும் சேர்த்து வைப்பது. வலைப்பக்கங்களில் குறிப்பு எழுத உதவும் ஹைப்போதிசிஸ் கருவி முன்னும் பின்னும் 32 எழுத்துகள் வீதம் வைத்துக்கொள்கிறது. நம் உரையாசிரியர்களுக்கு இது புதிதல்ல. ஏட்டுக்கு ஏடு பக்கம் மாறும் காலத்தில், பாட்டின் தொடக்கச் சொற்களைச் சொல்லி ‘என்னும் பாட்டினுள்’ என்றுதான் அவர்கள் சுட்டினார்கள்.

முன்பின் எழுத்துகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் 350ஆம் குறளைக் காட்டுவேன். ‘பற்றுக பற்றற்றான் பற்றினை அப்பற்றைப் பற்றுக பற்று விடற்கு.’ வாசகர் கடைசியில் தனித்து நிற்கும் ‘பற்று’ என்ற சொல்லைத் தேர்ந்து குறிப்பு எழுதுகிறார். கருவி ‘பற்று’ என்று மட்டும் தேடினால் முதல் சொல்லான ‘பற்றுக’விலேயே போய் ஒட்டிக்கொள்ளும். ஏனென்றால் அந்த எழுத்துத் தொடர் குறளில் மூன்று இடங்களில் வருகிறது. பின்னால் ‘ விடற்கு’ என்று இருக்கிறது என்பதும் சேமிக்கப்பட்டிருந்தால் குழப்பமே இல்லை.

‘குறளுக்குத்தான் எண் இருக்கிறதே, அதை வைத்துக்கொள்ளலாமே’ என்று வகுப்பில் கட்டாயம் யாராவது கேட்பார்கள். அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை மணக்குடவர் உரையில் ஒரு விதம், பரிமேலழகர் உரையில் வேறு விதம். நீங்கள் ஏற்றியிருக்கும் பதிப்பு எதைப் பின்பற்றுகிறது என்று தெரியாமல் எண்ணை நம்பக் கூடாது.

எண்களையும் கட்டமைப்பு வழியையும் தூக்கி எறிய வேண்டியதில்லை, விரைவாகத் தேட அவை உதவும். முதலில் கட்டமைப்பு வழியாகப் போய், அங்கே அதே சொற்கள் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். இல்லையென்றால் எண்ணைக் கொண்டு தேடி, மறுபடியும் சரிபாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால் முன்பின் எழுத்துகளோடு முழுப் பக்கத்திலும் தேடுங்கள். கடைசியாகத்தான் ஓரிரு எழுத்து வேறுபாட்டை அனுமதிக்கும் தோராயத் தேடல். தோராயமாகக் கிடைத்த இடத்தை வேறு நிறத்தில் காட்டுங்கள். தவறான வரியில் உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும் குறிப்பு, காணாமல் போன குறிப்பைவிடக் கெடுதலானது. படிப்பவர் அதை எழுதியவரின் அறியாமை என்று நினைத்துக்கொள்வார்.

“வரி அப்படியே இருக்கிறது, ஆனால் கருவி ‘கிடைக்கவில்லை’ என்கிறது”

தமிழில் கருவி செய்கிறவர்களை அதிகம் அலைக்கழிப்பது இந்தக் கோளாறுதான். ஆங்கிலப் பக்கங்களில் சோதித்துவிட்டு வெளியிட்ட கருவி இங்கே வந்துதான் விழும்.

‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்குறியில் (யுனிகோடு) ககரத்துக்குப் பின் ஒகரக் குறி என்று ஒரே குறியாகவும் அதைச் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதை. தளத்தின் ஆசிரியர் குழு ஒரு விசைப்பலகையில் அடித்து, பின்னால் திருத்தியவர் வேறொன்றில் அடித்திருந்தால் ஒரே பத்திக்குள்ளேயே இரண்டு வகையும் இருக்கும்.

இதற்குத் தீர்வு எளிது. ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி என்ற ஒருங்குறி இயல்பாக்கத்துக்கு உட்படுத்துங்கள், இரண்டு குறிகளாக இருப்பதை அது ஒரே குறியாக்கிவிடும். ஆனால் இயல்பாக்கிய உரையில் கிடைத்த இடத்தை அப்படியே மூல உரைக்குப் பொருத்திவிடாதீர்கள். இரண்டு குறி ஒன்றாகச் சுருங்கிய ஒவ்வோர் இடத்திலும் எண்ணிக்கை ஒன்று குறைந்திருக்கும். எந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்ற இணைப்பு அட்டவணையையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

என்எஃப்சி தொடாத வேறு சில உண்டு. ‘மௌனம்’ என்பதற்குப் பதில் ஒற்றைக்கொம்பு, மகரம், ளகரம் என்று ‘மெளனம்’ அடிப்பவர்கள் ஏராளம். பல நாளிதழ்த் தளங்களிலேயே காணலாம். இவற்றைச் சமன் செய்ய நீங்களே ஒரு விதி எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ‘கெள’ எல்லாவற்றையும் ‘கௌ’ ஆக்கினால் கெளுத்தி மீன் செத்துவிடும். ளகரத்தின் மேல் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாதபோது மட்டும் மாற்று என்று எழுதினால் கெளுத்தியும் தெளிவும் வெள்ளமும் பிழைக்கும். ‘ஸ்ரீ’க்கும் இரண்டு வகைக் குறியீடு புழக்கத்தில் இருக்கிறது, ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. பக்திப் பாடல் தளங்களைப் படிக்கும் வட்டமாக இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த விதிகள் ஒப்பிடுவதற்கு மட்டும். திரையில் தெரியும் மூலத்தைத் திருத்தும் உரிமை நமக்கில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்கவில்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத குறிகளைத் தேடுங்கள். அகலமற்ற இடைவெளி, அகலமற்ற பிரிப்பான், மென்கோடு ஆகியவை சொல்லின் நடுவில் ஒளிந்திருக்கும். நீண்ட தமிழ்ச் சொற்கள் கைபேசித் திரையில் உடைய வேண்டும் என்பதற்காகத் தள நிர்வாகிகள் இவற்றைத் தூவி வைப்பது உண்டு. ஒப்பிடும்போது உதிர்த்துவிடலாம்.

“எமோஜி உள்ள பக்கத்தில் மட்டும் ஓர் எழுத்து தள்ளி நிற்கிறது”

உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட், வழங்கியில் (சர்வரில்) பைத்தான். முன்னது எமோஜியை இரண்டாக எண்ணும், பின்னது ஒன்றாக எண்ணும். தமிழ் எழுத்துகளில் இந்த வேறுபாடு வராது என்பதால் எமோஜி வரும்வரை யாருக்கும் தெரியாது. இரு பக்கமும் ஒரே அளவுகோல் வைத்தால் தீர்ந்தது.

இதோடு உறவுள்ள இன்னொன்று: முன்பின் எழுத்துகளை 32இல் கண்டபடி வெட்டினால் துண்டு ஒரு துணைக்காலிலோ புள்ளியிலோ தொடங்கும். பட்டியலில் அது ஒரு புள்ளி வட்டத்தோடு அசிங்கமாகத் தெரியும். எழுத்தின் எல்லை பார்த்து வெட்டுங்கள். உலாவியிலேயே அதற்கான வசதி இருக்கிறது.

குறிப்பு எமோஜிக்குப் பிறகு அறுந்துபோய்ச் சேமிக்கப்பட்டிருந்தால், அது மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் கோளாறு. அதன் பழைய ‘யுடிஎஃப்8’ வகை ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுதான் இடம் தரும். தமிழுக்கு மூன்று போதும், எமோஜிக்கு நான்கு வேண்டும். ‘யுடிஎஃப்8எம்பி4’ வகைக்கு மாற்றுங்கள்.

“பிடிஎஃபில் குறிப்பு ஒட்டவே மாட்டேன் என்கிறது”

அந்தக் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வெறும் எழுத்தாக ஒட்டிப் பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சுக்குத் தயாரான கோப்பாக இருந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த கிறுக்கல் வரும். ஒருங்குறிக் கோப்பாகவே இருந்தாலும் கொம்பு தன் எழுத்துக்கு முன்னால் போய் நிற்கும், ஏனென்றால் பிடிஎஃப் அச்சில் தெரியும் வரிசையில் எழுத்துகளைக் கொடுக்கிறது. முதல் வகைக்கு எழுத்துரு மாற்றி, இரண்டாம் வகைக்குக் கொம்பை இடம் மாற்றும் ஒரு சிறு நிரல். ஸ்கேன் செய்த படமாக இருந்தால் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி வழியாகத்தான் போக வேண்டும். அதன் பிழைகளைத் திருத்தாமல் வட்டத்தின் முன் வைக்காதீர்கள். ‘இது என்ன பாடபேதம், எந்தப் பதிப்பில் சொல் இப்படி மாறியது?’ என்று ஒரு முழு மாலை வாதம் நடந்துவிடும்.

பழைய இலக்கியம் என்றால் பிடிஎஃபோடு மல்லுக்கட்டவே வேண்டாம். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் பல நூல்கள் ஒருங்குறி எழுத்தாகவே கிடைக்கின்றன. கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் இணைய நூலகத்தில் மூலத்தோடு உரையும் இருக்கிறது.

“குறிப்புகளைக் காட்டியதும் பக்கமே குலைகிறது”

வண்ணம் பூசுவதற்காகப் பக்கத்தின் நிரலுக்குள் புதிய உறுப்புகளைச் செருகுகிறீர்கள். ஒருவரின் வண்ணம் ஒரு வரியை மூன்று துண்டாக்க, அடுத்தவரின் கட்டமைப்பு வழி அங்கே வழிதவறுகிறது. குரோம் 2022இல் 105ஆம் பதிப்பில் கொண்டுவந்த தனிப்பயன் வண்ணமிடும் வசதி, பக்கத்தைத் தொடாமலேயே நிறம் தீட்டுகிறது. இப்போது மற்ற உலாவிகளிலும் வந்துவிட்டது. அடிக்கோடு வேண்டாம். ‘து’, ‘ழு’, ‘று’ ஆகியவற்றின் வால்கள் அதில் சிக்கி வரியே கசங்கிப் போகும்.

“கைபேசியில் சொல்லைத் தேர்ந்தால் பொத்தான் தெரியவில்லை”

உலாவியின் சொந்த ‘நகலெடு’ பட்டை உங்கள் பொத்தான்மேல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதோடு போட்டி போட வேண்டாம். உங்கள் பொத்தானைத் திரையின் அடிப்பகுதிக்குக் கொண்டுபோய்விடுங்கள், கட்டைவிரலுக்கும் அதுதான் எட்டும். சுட்டியை விட்டதும் வரும் நிகழ்வை நம்பாமல் தேர்வு மாறும் நிகழ்வைக் கவனியுங்கள்.

“ரயிலில் எழுதினேன், இறங்கிப் பார்த்தால் காணவில்லை”

விமான நிலையப் பக்கத்திலிருந்து வரும் மெட்ரோ சின்னமலையைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் இறங்கும்போது அனுப்பிய குறிப்பு இது. சிக்னல் தடுமாறிய நொடியில் கருவி வழங்கியைக் கேட்டது, பதில் வரவில்லை, பெட்டியை மூடிவிட்டது. குறிப்பை முதலில் கைபேசியிலேயே சேமியுங்கள். ‘அனுப்பக் காத்திருக்கிறது’ என்று காட்டுங்கள். தொடர்பு வந்ததும் அனுப்புங்கள். குறிப்பின் அடையாள எண்ணைக் கைபேசியே உருவாக்கட்டும். இல்லையென்றால் ஒரே குறிப்பு இரண்டு முறை ஏறி, ‘ஐயா, இரண்டாவதை நான் எழுதவில்லை’ என்று அடுத்த புகார் வரும்.

“ஒரே கட்டுரையைத்தான் படிக்கிறோம், ஆனால் அவர் எழுதியது எனக்குத் தெரியவில்லை”

முதலில் இருவரும் ஒரே குழுவில்தான் இருக்கிறார்களா என்று பாருங்கள். பாதிப் புகார் இங்கேயே முடிந்துவிடும். ‘சேமி’ என்று மொட்டையாக ஒரு பொத்தான் வைத்திருந்தால் யாருக்கு என்று எப்படித் தெரியும்? ‘வட்டத்துக்கு அனுப்பு’, ‘எனக்கு மட்டும்’ என்று பொத்தானிலேயே எழுதுங்கள்.

அடுத்து முகவரி. முகநூல் வழியாக வந்த இணைப்பில் கேள்விக்குறிக்குப் பின் ஒரு நீண்ட வால் தொங்கும், மற்றவரிடம் அது இல்லாத முகவரி இருக்கும். கைபேசித் தளத்துக்குத் தனி முகவரி வைத்திருப்பவர்களும் உண்டு. கருவி இவற்றை வெவ்வேறு கட்டுரை என்று நினைக்கிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் தளமே அறிவித்திருக்கும் நிலையான முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். வாலை மொத்தமாக வெட்டுவது ஆபத்து, சில தளங்களில் கட்டுரை எண்ணே அந்த வாலில்தான் இருக்கிறது. தெரிந்த பின்தொடர் குறிகளை மட்டும் பட்டியலிட்டு நீக்குங்கள்.

பள்ளி மாணவர்கள் சேரும் குழுவாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது.

“பக்கம் முழுவதும் மஞ்சளாக இருக்கிறது, பேச்சு மட்டும் இல்லை”

இங்கே நிரலில் கோளாறு இல்லை, வடிவமைப்பில் இருக்கிறது. இதைத் தீர்க்கத்தான் எல்லோரும் புதுப்புது வசதிகளைச் சேர்க்கிறார்கள். விருப்பக்குறி, பதக்கம், அதிகக் குறிப்பு எழுதியவர் பட்டியல் என்று. என் அனுபவத்தில் விருப்பக்குறி வந்த இடத்தில் பதில் குறைகிறது. ஒரு சொடுக்கில் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டால் எதற்கு நான்கு வரி எழுத வேண்டும்?

வண்ணம் பூசுவதையும் குறிப்பு எழுதுவதையும் முதலில் பிரியுங்கள். வெறும் வண்ணம் அவரவருக்கு மட்டும் தெரியட்டும். சொல் இருந்தால்தான் பொதுவுக்கு வரும். அடுத்து, குறிப்பு என்ன வகை என்று எழுதும்போதே கேளுங்கள். டபிள்யூ3சியின் மாதிரியில் 13 நோக்கங்கள் இருக்கின்றன, அத்தனையையும் திரையில் காட்டினால் ஆள் ஓடிவிடுவார். எங்கள் கருவியில் நான்குதான்: ஐயம், விளக்கம், மறுப்பு, பாடபேதம். பரிமேலழகர் தமக்கு உடன்பாடில்லாத பொருளையும் ‘என்று உரைப்பாரும் உளர்’ என்று பதிந்துவிட்டுத்தான் மேலே போகிறார். மறுப்புக்கு ஒரு மரியாதையான இடம் இருந்தால் மறுக்கிறவர்கள் வருவார்கள். பதில் கிடைக்காத ஐயங்களை மட்டும் பக்கத்தின் மேலே திரட்டிக் காட்டுங்கள். இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேசவைத்தது.

எல்லாக் குறிப்பும் முதல் பத்தியிலேயே குவிந்தால் உரை நீளம் என்று பொருள். ஒரு வாரத்துக்கு ஓர் அதிகாரம் என்று பகுத்துக் கொடுங்கள். பிறர் குறிப்புகளை முதல் வாசிப்பில் மறைத்து வைக்கும் வசதியையும் கொடுங்கள். முன்னால் நான்கு பேர் சொல்லிவிட்ட வரியில் ஐந்தாமவருக்குச் சொல்ல ஒன்றும் தோன்றாது.

பெரியவர் ஒருவர் எழுதியதும் பேச்சு அடங்கிப்போகும் இடங்களும் உண்டு. வட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார், அவர் பதில் போட்டால் அதுதான் தீர்ப்பு. 350ஆம் குறளில் ஒரு மாணவி, “ஐயா, பற்றற்றானைப் பற்றுவதும் ஒரு பற்றுதானே? அதை எப்போது விடுவது?” என்று ஐயம் எழுப்பியிருந்தார். வழக்கமாக, நெறியாளரான அந்த ஆசிரியர் உரையை எடுத்து ஒட்டியிருப்பார். நாங்கள் நெறியாளர் பதில் ஒரு நாள் கழித்தே தெரியும்படி மாற்றியிருந்தோம். அதனால் அவர், “நல்ல கேள்வி அம்மா. உரைகாரர் சொல்வது நாளை வரும். அதுவரை மற்றவர்கள் சொல்லுங்கள்” என்று மட்டும் எழுதினார். அந்த நாளுக்குள் அந்தக் குறளின் ஓரம் நிரம்பிவிட்டது. அவர் உரை மறுநாள் வெளியானபோது அதற்கும் ஒரு மறுப்பு வந்தது.

“தேடினால் பாதிதான் கிடைக்கிறது”

‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’, ‘மரங்கள்’ வராது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் 2019இல் 12ஆம் பதிப்பிலேயே தமிழுக்கான சொல்வேர் பிரிப்பானைச் சேர்த்துவிட்டது, அதை இயக்குங்கள். சங்கப் பாடல்களுக்கு அது போதாது. சந்தி பிரித்த பதிப்பு கிடைத்தால் அதையும் தேடலுக்கு மட்டும் பின்னணியில் வைத்துக்கொள்ளலாம்.

“மூலக் குறிப்பை அவர் அழித்துவிட்டார், எங்கள் பதில்கள் எங்கே?”

அழிக்கும் உரிமை எழுதியவருக்கு உண்டு, ஆனால் அது அவர் சொற்களுக்கு மட்டும்தான். ‘எழுதியவர் நீக்கிவிட்டார்’ என்ற ஒரு வரியை அந்த இடத்தில் விட்டு, பதில்களை அப்படியே நிறுத்துங்கள். பதில் வந்தபின் குறிப்பைத் திருத்தினால் பழைய வடிவமும் ஒரு சொடுக்கில் தெரிய வேண்டும். இல்லையென்றால் பதில் சொன்னவர்தான் உளறியவராகத் தெரிவார்.

“எந்த வரியிலும் ஒட்டாத குறிப்புகள் சேர்ந்துகொண்டே போகின்றன”

மேலே சொன்ன எல்லாம் செய்த பிறகும் சில மிஞ்சும். தளம் அந்தப் பத்தியையே எடுத்திருக்கும். இவற்றை ஒளித்துவைக்காமல் தனிப் பட்டியலாகக் காட்டுங்கள். ஒவ்வொன்றோடும் சேமித்த பழைய வரியையும் காட்டுங்கள். எழுதியவருக்கே அறிவிப்பு அனுப்பிப் புதிய இடத்தைச் சுட்டச் சொல்லலாம், பெரும்பாலும் செய்துவிடுகிறார்கள். பக்கமே காணாமல் போயிருந்தால் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். கிடைத்தால் குறிப்புகளை அந்தப் பிரதிக்கு மாற்றிக்கொள்ளலாம். குழு ஒரு கட்டுரையை எடுத்த அன்றே அங்கே ஒரு பிரதி சேமிக்கும்படி கருவியை அமைத்துவிட்டால் இந்தத் தேடல் மிச்சம்.